அடி தாங்கும் யாக்கை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. பணி முடிந்து செம்பூர் நிலையத்தில் இறங்கிக் குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் நம் காலனிப் பிள்ளைகள் ஐவர் வட்டமாக அமர்ந்திருக்கக் கண்டோம். ஒவ்வொருவன் கையிலும் ஒரு கண்ணாடிப் புட்டி. அதனால் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பை ஓயாது தட்டிக்கொண்டிருந்தனர். முகம் சுளிக்கின்றது, கண் கலங்குகின்றது, கை மட்டும் நிற்கவில்லை. "என்ன தம்பிகளே இது?" என்று வினவினோம். "எலும்பு இரும்பு மாதிரி ஆகும் மாமா. போதிதருமர் சீனாக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இதுதானாம். நம்ம தமிழ்க் கலை!" என்றான் மூத்தவன்.

வேறு எதனைச் சொல்லியிருப்பினும் அதட்டிப் புட்டியைப் பிடுங்கியிருப்போம். தமிழ்க் கலை என்று அவன் சொன்ன பின்னர் நாவெழவில்லை. தமிழகத்திலிருந்து நெடுந்தொலைவுக்கு அப்பால் பிறந்து வளரும் பிள்ளை, தன் முன்னோரது கலை என்று ஒன்றைப் பற்றிக்கொண்டு நோவைப் பொறுக்கின்றான். அவனை எங்ஙனம் கடிவது? ஆயின் அவன் பற்றியது மெய்யாகவே முன்னோர் கலைதானா என்பதை ஆராயாமல் விடுவதும் முறையன்று. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வேக் குமாஸ்தா. புலவரும் அல்லோம், மருத்துவரும் அல்லோம். எனினும் இப்பொருளில் நமக்குச் சொந்தமான வழக்கு ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அடிக்கு உடலைப் பழக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. புறநானூற்றில் 80, 81, 82 ஆம் பாடல்கள், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் கண்டு பாடியவை. ஒரு காலை மல்லனது மார்பில் ஊன்றி, மறு காலால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து அவன் வீழ்த்திய நிலையைப் புலவர் காட்டுகின்றார். கி.பி. 630 முதல் 668 வரை ஆண்ட பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் தனக்குச் சூடிக்கொண்ட பெயர் மாமல்லன். அவன் பெயரால் நிற்கும் கடற்கரை ஊரை இன்று உலகமெல்லாம் வந்து காண்கின்றது. மன்னன் மற்போரைக் கீழோர் தொழிலாகக் கருதாது பட்டப் பெயராகவே பூண்டான் என்பது பெருமைக்குரிய செய்தி.

மல்லர் அடி தாங்கிய வரலாற்றை இன்னும் தெளிவாக அறிய விசயநகரத்துக்குச் செல்லவேண்டும். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 ஐ ஒட்டி அங்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயசு, மகாநவமி விழாவில் மல்லர் பொருததை எழுதியுள்ளார். பல் உடைந்தது, கண் சிதைந்தது, முகம் உருவழிந்தது, பேச்சற்றுக் கிடந்தோரை நண்பர் தூக்கிச் சென்றனர் என்பன அவர் கண்ட காட்சிகள். சில ஆண்டு கழித்து வந்த பெர்னாவோ நூனிசு, அரசனிடம் ஆயிரம் மல்லர் இருந்தனர் என்றும், கூர்முனை பொருந்திய வளையங்களைக் கையில் பூண்டு ஒருவரையொருவர் தாக்கினர் என்றும் குறிக்கின்றார். மிகுதியாகக் காயமுற்றவனுக்கே பட்டாடை பரிசாம்! வென்றவனுக்கன்று, அடிபட்டவனுக்கு. இவ்வழக்கத்தை முதன்முறை படித்தபோது நாம் நகைத்தோம். மறுமுறை படித்தபோது நகைக்க முடியவில்லை.

அக்கலையின் எச்சம் இன்றும் மைசூரில் உண்டு. விசயதசமியன்று அரண்மனை முற்றத்தில் ஜட்டி மரபினர் தலையை மழித்து, முள் பொருந்திய ஆயுதத்தை விரல்களில் பூண்டு மோதுகின்றனர். வஜ்ரமுஷ்டி என்பது இதன் பெயர். ஒருவர் தலையில் முதல் துளிக் குருதி தோன்றியதும் போர் நிறுத்தப்படும். அதன் பின்னரே யானைமேல் ஊர்வலம் புறப்படும். இந்த ஜட்டிகள் பிசகிய மூட்டுகளைப் பொருத்துவதிலும் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

பிறந்த நாள் தொட்டு மல்லையே தொழிலாகக் கொண்ட ஆயிரவர்க்கும் பல் உடைந்தது, கண் சிதைந்தது என்றால், பயிற்சியால் உடல் இரும்பாகும் என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர்கள் தாங்கினார்கள், ஆனால் காயமுற்றுத் தாங்கினார்கள்.

நம் தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வழங்கும் அடிமுறைக்கு வருவோம். தாராவியில் வாழும் நம்மவர் பலர்க்கும் திருநெல்வேலிச் சீமையே பூர்வீகம். தோல் பதனிடும் தொழிலைத் தேடி வந்த அவர்களோடு சிலம்பமும் வந்தது. 1956 நவம்பர் 1 இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறையும் வர்ம மருத்துவமும் ஆசான்மார் வீடுகளில் ஒருங்கே வளர்ந்தவை. அகத்திய முனிவரைத் தம் முதலாசிரியராகக் கொள்ளும் மரபு அது. அங்கு மாணவன் முதலிற் கற்பது ஒற்றைச் சுவடு. தனித்து நின்று காலடி பெயர்த்துக் கைவீசும் முறை. அடுத்தது கூட்டச் சுவடு. இருவர் எதிரெதிர் நின்று, ஒருவன் வீச, மற்றவன் முன்கையால் தடுப்பான். நாடோறும் முன்கையோடு முன்கை மோதும். அடிக்குப் பழகுதல் இங்ஙனமே நிகழ்கின்றது. தனியே குந்தி எலும்பைத் தட்டிக்கொண்டிருப்பதால் அன்று. மோதுவதும் உயிருள்ள கை. தாங்குவதும் உயிருள்ள கை. வலித்தால் இருவர்க்கும் வலிக்கும். அதனால் அளவு தானே அமைந்துவிடும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எண்ணெய் உண்டு. மலையாள நாட்டுக் களரிகளில் மழைக் காலத்தில் உழிச்சில் என்னும் எண்ணெய்ப் பிடிப்பு நடைபெறும். ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிடக்கும் மாணவனது உடலைக் காலாலேயே தடவுவார். உடலை இறுக்குவதற்கன்று, இளக்குவதற்கே இத்தனை பாடும் என்பதை நோக்குக. நம்மவர் இதற்கு வைத்த பெயர்களும் தடவுமுறை, இளக்குமுறை என்பனவே.

இனி வர்மத்தைப் பார்ப்போம். சுசுருதர் வடமொழி நூலில் உடலின் மர்மங்களை 107 எனக் கணக்கிடுகின்றார்; அவற்றுள் 19 அடிபட்ட உடனே உயிர் போக்குவன. நம் வர்ம நூலோர் 108 என்பர். அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. புருவ நடுவிலுள்ள திலர்தக் காலம் படுவர்மங்களுள் ஒன்று. பழகிப் பழகி உடல் இரும்பாகிவிடும் என்று நம் ஆசான்மார் நம்பியிருந்தால், நூற்றெட்டு இடங்களை எண்ணி, ஒவ்வொன்றிற்கும் அடங்கலும் மருந்தும் பத்தியமும் வகுத்து, பல்லாண்டு சோதித்த மாணவனுக்கன்றிச் சொல்லாது காத்திருப்பார்களா? உடல் உடையும் என்பதே அந்நூல்களின் முதற் பாடம். அடிக்கக் கற்றவனே ஆற்றவும் கற்கவேண்டும் என்று அடிமுறையையும் வைத்தியத்தையும் ஒரே வீட்டில் வைத்தார்கள். மைசூர் ஜட்டிகளைப் பற்றி முன்னே சொன்னதும் இதன்பொருட்டே.

நம் கூத்துகளும் இதனையே அறிந்திருந்தன. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் படுகளம் கண்டவர் இங்கும் சிலர் இருக்கலாம். மண்ணால் அமைத்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். தாயின் பார்வையால் வச்சிரமான அவன் உடம்பில், ஆடை மறைத்த தொடை மட்டும் தசையாகவே நின்றது என்பது நாட்டுக்கதை. கிரேக்கர் அக்கிலீசுக்குக் குதிகாலை வைத்தனர். கதை கட்டுவோர்கூட முழு இரும்பு மனிதனைக் கட்டத் துணியவில்லை.

போதிதருமரைப் பற்றியும் ஒரு சொல். இதில் நம் சங்க அன்பர்கள் சிலர் நம்மோடு மாறுபடுவர் என்பதை அறிவோம். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று அவரைப் பற்றி ஆறாம் நூற்றாண்டிலேயே தான்லின் என்பவர் எழுதினார். காஞ்சியின் பெயர் பின்னாளில் சேர்ந்தது. ஆனால் கி.பி. 547 அளவில் எழுதிய யாங் சுவான்சி அவரைப் பாரசீகத்தவர் என்கின்றார். இருவருமே அவரைத் துறவியாகக் காட்டுகின்றனரேயன்றிப் போர்க்கலை ஆசானாகக் காட்டவில்லை. உடலைத் தேய்த்தும், மர உலக்கையாலும் கல் நிறைந்த பையாலும் இடித்தும் உறுதியாக்கும் முறையைச் சொல்லும் யீ ஜின் ஜிங் என்னும் சீன நூல் அவர் பெயரைத் தாங்கி வருவது உண்மை. ஆயின் அந்நூல் 1624 ஐச் சேர்ந்தது. அவர் காலத்திற்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. இதனைச் சீன அறிஞர் தாங் ஹாவ் முதலியோர் ஆராய்ந்து நிறுவினர். 2011 இல் வெளிவந்த "ஏழாம் அறிவு" திரைப்படத்தின் பின்னர் நம் பிள்ளைகள் மனத்தில் இது வரலாறாகவே பதிந்துவிட்டது. நமக்குக் கோப்பெருநற்கிள்ளியும் மாமல்லனும் இருக்க, ஐயத்திற்குரிய ஒன்றைக் கடன் வாங்கிப் பெருமை கொள்வானேன்? இன்னொன்றும் உண்டு. யீ ஜின் ஜிங்கிலும் கையால் தேய்த்தல் முந்தியது; உலக்கை பிந்தியது. புட்டியை எடுத்தவுடன் தட்டச் சொன்னது எந்த நூல் என்பது நமக்குப் புலப்படவில்லை.

சீனத்திலேயே இந்நம்பிக்கை எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதை 1900 காட்டும். பயிற்சியாலும் மந்திரத்தாலும் வாளும் குண்டும் துளைக்காத உடல் வாய்க்கும் என்று நம்பிய உழவர் இளைஞர் பல்லாயிரவர் அந்நியரை எதிர்த்து எழுந்தனர். பாக்சர் கிளர்ச்சி என்பது அதுவே. அவர்களது நாட்டுப்பற்றை நாம் பழிக்கமாட்டோம். குண்டு துளைத்தது.

ஓகினாவாத் தீவினர் வேறு வகையில் சென்றனர். கான்புன் உயேச்சி (1877–1948) சீனத்தின் பூச்சௌ நகரில் பயின்று 1910 இல் ஊர் திரும்பியவர். அவர் மரபில் சாஞ்சின் என்னும் பயிற்சி தலையாயது. மாணவன் மூச்சை ஒழுங்கு செய்து, காலூன்றி, வயிற்றையும் தொடையையும் இறுக்கி நிற்பான். ஆசிரியர் தோளிலும் வயிற்றிலும் தொடையிலும் தட்டிச் சோதிப்பார். அந்த அடி உடலைக் கடினமாக்குவதற்கு மட்டுமன்று. மாணவன் ஆயத்தமாக நிற்கின்றானா என்று அறிவதற்கு.

அவ்வாயத்தமே உயிர். அமெரிக்க மாயவித்தைக்காரர் ஹூடினி தம் வயிற்றில் எத்தகைய குத்தையும் தாங்குவதாகப் பெயர் பெற்றவர். 1926 அக்டோபரில் மாண்ட்ரியல் நகரில் அவர் சாய்ந்து படுத்திருந்தபோது, ஒரு மாணவன் அவர் வயிற்றை இறுக்கிக்கொள்ளுமுன் குத்திவிட்டான். குடல்வால் வெடித்து நஞ்சு பரவ, அம்மாதம் 31 ஆம் நாள் இறந்தார். குத்து குடல்வாலை வெடிக்கச் செய்ததா, முன்னரே இருந்த நோயை மறைத்ததா என்று மருத்துவர் வாதிடுவர். எவ்வாறாயினும், பழகிய வயிறு என்பது விழிப்போடிருக்கும் வயிறேயன்றி உறங்கும் வயிறன்று.

பிள்ளைகள் நம்பியதில் உண்மையே இல்லையோ எனின், உண்டு. செருமானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892 இல் வெளியிட்ட நூலில், எலும்பு தன்மேல் வரும் பளுவுக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1977 இல் தேர்ந்த டென்னிஸ் ஆட்டக்காரரை ஆராய்ந்தபோது, ஆடவரது ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையினதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடித்திருக்கக் கண்டனர். ஆனால் யாரும் அக்கையைப் புட்டியால் தட்டவில்லை. ஆடினார்கள், பல்லாண்டு ஆடினார்கள், இடையிடையே ஓய்ந்தார்கள். பழைய எலும்பு கரைந்து புதியது படியச் சில மாதங்கள் வேண்டும். கரைந்து படியுமுன் மீண்டும் மீண்டும் அடித்தால் விரிசலே மிஞ்சும். அன்றியும் பதினாறு, பதினேழு வயது வரை எலும்பின் முனைகளில் வளர்ச்சிக் குருத்து இருக்கும். அது கெட்டால் கால் கோணும். தலைக்கோ பழக்கம் என்பதே கிடையாது. குத்துச்சண்டையில் பலமுறை அடிபட்டோர் பின்னாளில் தள்ளாடி, சொல் குழறி, அறிவு மங்குவதை மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1928 இலேயே எழுதினார்.

இனி நம் சொந்த வழக்கு. தாராவியில் நாம் வளர்ந்த சந்தில், தோல் கிடங்கில் வேலை பார்த்த ஆசான் ஒருவர் இருந்தார். ஞாயிறுதோறும் விடியுமுன் எங்களை நிறுத்திக் காலடி பழக்குவார். மூன்று மாதம் கம்பையே கண்ணிற் காட்டவில்லை. வீட்டில் நல்லெண்ணெய் இருந்தால் தேய்த்து வா என்பார். இல்லாதவனுக்குத் தாமே கொணர்ந்து தேய்ப்பார். ஒரு நாள் நாம் பொறுமையிழந்து, அடித்தால் வலிக்காத உடம்பு எப்போது வரும் என்று கேட்டோம். அவர் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கின்றது: "எலே, அடி வாங்குறதுக்கா படிக்க? அடி வாராத எடத்துல நிக்கப் படி. வந்துட்டுன்னா வழுக்கி விடு. அதையும் மீறி வந்தா மூச்சப் புடிச்சு வாங்கு. வாங்கிட்டு என்கிட்ட வா, எண்ணெ போடுதேன்."

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது சுவைக்குமா? புரூஸ் லீ படத்தை வாடகைப் பெட்டியில் பார்த்திருந்தோம். ஆசானை விட்டு, வேறொரு பகுதியில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்தோம். அங்கே முதல் வாரத்திலிருந்தே கழியால் கையை அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். முன்கையும் முழங்கைக்கு மேலும் கன்றி நீலம் பாரித்தன. வீக்கம் வடியுமுன் மறுபடியும் அடி. நோகின்றது என்றால் கோழை என்ற பெயர். ஆறு மாதத்தில் இடது முழங்கைக்கு மேல் ஒரு கெட்டி உருண்டை தோன்றியது. அதனை இரும்பு என்று நண்பர்களிடம் தடவிப் பார்க்கச் சொல்லி நாம் பெருமை பேசியதும் உண்டு. தசைக்குள் தேங்கிய குருதி எலும்பாய் மாறியிருக்கின்றது என்று பின்னர் மருத்துவர் படம் பிடித்துக் காட்டினார்.

நமக்குக் காவற் பணியில் சேரவேண்டும் என்பது ஆசை. எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறினோம். மருத்துவச் சோதனையில் கையை நீட்டச் சொன்னார்கள். இடக்கை நேராகவில்லை. அன்றோடு அது முடிந்தது. பின்னர் ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானோம். கோப்பு எழுத வலக்கை போதும். செய்தி கேட்டு ஆசானிடம் சென்றபோது அவர் திட்டவில்லை. ஒரு மண்டலம் எண்ணெய் தடவினார். நோவு குறைந்தது, கோணல் நிற்கின்றது. அவர் மறைந்து பல்லாண்டாயிற்று.

இவ்வளவையும் அன்று தண்ணீர்த் தொட்டியடியில் சொல்லவில்லை. கைச்சட்டையை மடித்து அந்த உருண்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். "மாமா, நிஜமாவே இரும்பா இருக்கு!" என்றான் சின்னவன். "கையை நீட்டச் சொல்லு" என்றோம். நீட்டிக் காட்டினோம். மூத்தவன் புட்டியைக் கீழே வைத்தான்.

அடுத்த ஞாயிறன்று ஐவரையும் தாதர் சிவாஜி பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். 2019 பிப்ரவரியில் முதல் உலக மல்லகம்பப் போட்டி நடந்த இடம் அது. அங்குள்ள சமர்த்த வியாயாம மந்திரத்தில் மராத்திப் பிள்ளைகள் விளக்கெண்ணெய் பூசிய கம்பத்தில் ஏறித் தலைகீழாய் நின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்திலேயே மல்லர்க்குரிய கம்பப் பயிற்சி உண்டு. பின்னாளில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் அதற்குப் புத்துயிர் ஊட்டினார். விழுப்புரத்திலும் நம் பிள்ளைகள் மல்லர் கம்பம் என்று இதனைப் பயில்கின்றனர். கம்பத்தைத் தொடையாலும் மார்பாலும் கைகளாலும் இறுகத் தழுவி ஏறுகையில் உடல் முழுதும் உரசித் தேர்ச்சி பெறுகின்றது. அடி ஒன்றும் இல்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கம்பத்தின் உச்சியில் ஒரு காலைப் பின்னி நிற்க, நம் ஐவரும் வாய் பிளந்து நோக்கினர். அங்கிருந்த மராத்தி ஆசிரியர் நம் முழங்கையைக் கண்டு, எப்படி நேர்ந்தது என்று கேட்டார். சொன்னோம். தம் மணிக்கட்டிலும் ஒரு தழும்பைக் காட்டிச் சிரித்தார்.

இப்போது நம் காலனியில் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு, ஆசானிடம் நம்மோடு பயின்ற ஒருவர் தாராவியிலிருந்து வந்து சுவடு பழக்குகின்றார். கம்பு இன்னும் தரவில்லை. கம்பு எப்போது என்று ஐவரும் கேட்டுப் பார்த்தனர். இருவர் சலித்து நின்றுவிட்டனர், மூவர் வருகின்றனர். சென்ற மாதம் முதல் இரண்டு பெண் பிள்ளைகளும் சேர்ந்துள்ளனர்.